செல்போனுக்குக் காது மந்தமா? வீட்டிலேயே வைத்தியம்!

வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வரவேண்டும். ஊருக்குப் புதிது, வழி சொல்லத் தெரியவில்லை. செல்போனில் உள்ள வரைபடத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று எடுத்தால், நீங்கள் இருப்பது அடுத்த தெரு என்கிறது அது!

உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒரு தெரு தவறினால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

இப்படி இடம் தவறிச் சொல்லும் செல்போனை, "கெட்டுப் போய்விட்டது" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் கடன் வாங்கிப் புதிது வாங்குகிறார்கள்.

அவசரப்படாதீர்கள்! பல சமயங்களில் செல்போனுக்கு நோயே இருக்காது. அதன் காதை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு இருக்கும். அடைப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அதை வீட்டிலேயே செய்யலாம். காசு செலவு இல்லை.

ஆகாயத்துக் குரல்

செல்போனுக்கு இடம் எப்படித் தெரிகிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றிக்கொண்டு இருக்கின்றன. இவற்றில் முதலாவது 1978-ம் ஆண்டில் பறந்தது. 1995-ல் முழு ஏற்பாடும் தயார் ஆயிற்று. இதற்குத்தான் ஜி.பி.எஸ். என்று பெயர்.

ஒவ்வொரு கோளும் ஓயாமல் ஒரே பாட்டைப் பாடுகிறது. "நான் இன்ன கோள். இப்போது மணி இன்னது. நான் இருக்கும் இடம் இது." இவ்வளவுதான் பாட்டு!

செல்போன் அதைக் கேட்கிறது. குரல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கிறது. ரேடியோ அலை ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும் அல்லவா? 4 கோள்களின் தூரம் தெரிந்தால், நீங்கள் நிற்கும் இடமும் தெரிந்துவிடும்.

கணக்கில் ஒரு வினாடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு தவறினால், இடம் 300 மீட்டர் தவறிவிடும். அவ்வளவு நுட்பமான வேலை!

செல்போன் கோளுக்கு எதையும் அனுப்புவது இல்லை. கேட்பது மட்டுமே அதன் வேலை. ஆகையால் டவர் கிடைக்காத காட்டில்கூட ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.

மெல்லிய குரல்

கோள் அனுப்பும் அலை, ஒரு சில குண்டு பல்புகளின் சக்தி கொண்டதுதான். 20,000 கிலோ மீட்டருக்கு அப்பால் எரியும் பல்பை இங்கிருந்து பார்ப்பது போன்ற காரியம் இது!

பூமிக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சும் தெரியுமா? ஒரு வாட் சக்தியை நூறு கோடி கோடிப் பங்கு போட்டால், அதில் ஏறக்குறைய ஒரு பங்கு.

இந்த மெல்லிய குரலை மறைக்கப் பெரிய தடை தேவை இல்லை. ஒரு தகரக் கூரை போதும். கான்கிரீட் தளம் போதும். ஏன், உங்கள் கையே போதும்!

நீலப் புள்ளி

வைத்தியத்துக்கு முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வரைபடத்தைத் திறந்தால், நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அதைச் சுற்றி வெளிர் நீல வட்டம் இருந்தால் கவனியுங்கள். "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்று செல்போன் சொல்கிறது.

வட்டம் சிறிது என்றால் காது நன்றாகக் கேட்கிறது. வட்டம் தெருவையே விழுங்கினால், கோள்களின் குரல் சரியாக விழவில்லை. டவரையும் வை-பையையும் வைத்துச் செல்போன் குத்துமதிப்பாகச் சொல்கிறது.

மொட்டை மாடிக்கோ திறந்த வெளிக்கோ போங்கள். சில நிமிடம் நில்லுங்கள். திறந்த வானத்தின் கீழ் நல்ல செல்போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அங்கே புள்ளி சரியாக வந்தால் உங்கள் செல்போனுக்கு நோய் இல்லை. வீட்டுக் கூரைதான் காரணம்.

வெளியிலும் சரியாக இல்லையா? கீழே உள்ள வைத்தியங்களை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்யாதீர்கள். எதனால் குணம் ஆயிற்று என்று தெரியாமல் போய்விடும்.

1. சட்டையைக் கழற்றுங்கள்

செல்போனுக்குப் போட்டிருக்கும் உறையைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக், ரப்பர், தோல் உறைகளால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. உலோகம்தான் எதிரி. உறையில் இரும்புத் தகடு, பிடித்துக்கொள்ளும் வளையம், காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உலோகம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2011-ம் ஆண்டுக் கடைசியில் தைவான் நாட்டு ஆசஸ் கம்பெனி, டிரான்ஸ்பார்மர் பிரைம் என்ற டேப்லட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதுகு முழுவதும் பளபளக்கும் அலுமினியம். பார்க்க அழகு. ஆனால் ஜி.பி.எஸ். சரியாகக் கேட்கவில்லை! 2012-ல் "ஜி.பி.எஸ். உண்டு" என்ற வரியையே கம்பெனி தகவல் தாளில் இருந்து எடுத்துவிட்டது. வாங்கியவர்களுக்கு, வெளியே செருகும் ஒரு சிறு கருவியை இனாமாகக் கொடுத்தது.

பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், கடையில் வாங்கும் உறை எம்மாத்திரம்?

காந்தம் இன்னொரு சேட்டை செய்யும். இடம் சரியாக இருக்கும். திசை மட்டும் தவறிவிடும். கிழக்கே பார்த்து நின்றால் மேற்கு என்று காட்டும். காந்தத்தை எடுத்துவிட்டு, செல்போனைக் கையில் பிடித்து, காற்றில் 8 என்ற எண்ணைச் சில தடவை எழுதுங்கள். திசை சரியாகிவிடும்.

2. பிடிக்கும் விதம்

பல செல்போன்களில் அலையை வாங்கும் ஆன்டெனா மேல் பக்கத்தில் இருக்கிறது. ஆகையால் கீழ்ப் பாதியைப் பிடியுங்கள். மேல் பாதி வானத்தைப் பார்க்கட்டும்.

காரில் போகும்போது, கியருக்குப் பக்கத்தில் உள்ள குழியில் போடாதீர்கள். கண்ணாடிக்கு அருகில் வையுங்கள். கண்ணாடியில் உலோகம் கலந்த தாள் ஒட்டியிருந்தால் அதுவும் தடுக்கும். காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது போனையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் சூடு பேட்டரிக்கு ஆகாது.

3. இரைச்சலை நிறுத்துங்கள்

சந்தை இரைச்சலில் மெல்லிய குரல் கேட்குமா? மலிவான கார் சார்ஜரும், காரில் மாட்டும் காமிராவும் ரேடியோ இரைச்சலை உண்டாக்குவது உண்டு. நம் காதுக்கு அது கேட்காது. செல்போனுக்குக் கேட்கும்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நீலப் புள்ளி உடனே சரியானால், குற்றவாளி சார்ஜர்தான்!

4. அனுமதி கொடுங்கள்

சில சமயம் காது நன்றாக இருக்கும். நாமே வாயைப் பொத்தி வைத்திருப்போம்!

2020-ல் ஐபோனிலும், 2021-ல் ஆண்ட்ராய்டு 12-லும் ஒரு புது வசதி வந்தது. "துல்லியமான இடம்", "தோராயமான இடம்" என்று இரண்டு வகை அனுமதி. தெரியாமல் "தோராயம்" என்று அழுத்திவிட்டால், வரைபடத்துக்குச் சரியான இடம் போகவே போகாது. செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போய், வரைபடத்துக்குத் "துல்லியம்" என்ற அனுமதி கொடுங்கள்.

பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி போட்டிருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். அது ஜி.பி.எஸ்.ஸைத் தூங்க வைத்துவிடும். தேதியும் நேரமும் தானாகவே சரியாகும்படி வையுங்கள்.

5. பொறுமை

பல நாள் ஜி.பி.எஸ்.ஸை உபயோகிக்கவில்லையா? வெகு தூரம் பிரயாணம் செய்து வேறு ஊருக்கு வந்திருக்கிறீர்களா? கோள்கள் எங்கே இருக்கின்றன என்பதே செல்போனுக்கு மறந்து போயிருக்கும்.

ஒரு கோள் தன் விலாசத்தை 30 வினாடிக்கு ஒரு தடவை சொல்லும். எல்லாக் கோள்களின் பட்டியலையும் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். இன்டர்நெட் இருந்தால் இந்த விவரம் நொடியில் வந்துவிடும். இல்லை என்றால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆகையால் செல்போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். இன்டர்நெட் இருக்கும் திறந்த இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடந்துகொண்டே இருந்தால், பாதிப் பாட்டில் குரல் அறுந்துவிடும்.

6. காது பரீட்சை

இவ்வளவுக்கும் குணம் ஆகவில்லையா? இனிமேல் பரீட்சைதான்.

"ஜி.பி.எஸ். டெஸ்ட்" என்ற பெயரில் இலவச செயலி கிடைக்கிறது. அதைத் திறந்த வெளியில் ஓட்டினால், ஒவ்வொரு கோளுக்கும் ஓர் எண் காட்டும். அதுதான் குரலின் பலம். 30-க்கு மேல் பல கோள்கள் இருந்தால் காது நன்றாக இருக்கிறது. எல்லாமே 20-க்குக் கீழே கிடந்தால் காது மந்தம்.

வீட்டில் ஒருவர் எண்ணைப் படிக்கட்டும். படிக்கிற பிள்ளை தாளில் எழுதட்டும். உறையோடு எவ்வளவு? உறை இல்லாமல் எவ்வளவு? சார்ஜரோடு எவ்வளவு? தாளைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

7. உள் வைத்தியம்

ஸ்கிரீனோ, பேட்டரியோ, பின் மூடியோ மாற்றிய பிறகு காது மந்தம் ஆயிற்றா? அப்படியானால் ஆன்டெனாவின் இணைப்பைச் சந்தேகப்படலாம்.

பல செல்போன்களில் ஆன்டெனா, உள் மூடியிலோ ஓரச் சட்டத்திலோ ஒட்டிய மெல்லிய உலோகப் பட்டை. அது சிறு ஸ்பிரிங் நாக்கு ஒன்றின் மூலம் போர்டைத் தொடுகிறது. திருகாணி தளர்ந்தால் தொடாது. அழுக்கு, ஈரம் படிந்தாலும் சரியாகத் தொடாது.

நகத்தால் நெம்பினால் மூடி கழன்று வரும் பழைய மாடல் என்றால் மட்டுமே நீங்கள் கைவைக்கலாம். முதலில் அணைத்துவிட்டுப் பேட்டரியை வெளியே எடுங்கள். திருகாணிகளை எந்தத் துளையில் இருந்து எடுத்தீர்களோ, அந்த வரிசையிலேயே தாளில் வையுங்கள். நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முடுக்கினால் போர்டு உடைந்துவிடும்.

எலெக்ட்ரானிக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்று கேட்டால் கொடுப்பார்கள். பஞ்சுக் குச்சியை அதில் லேசாக நனைத்து, நாக்கையும் அது தொடும் இடத்தையும் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு, விளக்கு இருக்கக் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். நாக்கு அமுங்கிக் கிடந்தால், பல் குத்தும் குச்சியால் ஒரு மயிரிழை தூக்கிவிடலாம். அதற்கு மேல் தூக்கினால் ஒடிந்துவிடும்.

உப்புத் தாள் வேண்டாம். அதன் மேல் உள்ள தங்க முலாம் போய்விடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

கைவைக்காதீர்கள்!

கண்ணாடி முதுகு ஒட்டிய புது மாடல்களை வீட்டில் திறக்கக் கூடாது. கத்தி பேட்டரியில் பட்டால் தீப்பிடிக்கும். முதுகு உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாமல் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

உத்தரவாதக் காலம் முடியாத போனையும் திறக்காதீர்கள். உத்தரவாதம் போய்விடும்.

கடையில் "ஜி.பி.எஸ். ஆன்டெனா இணைப்பைப் பாருங்கள்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய தாளையும் காட்டுங்கள். வீண் செலவு வைக்க யாரும் துணியமாட்டார்கள்.

"சிக்னலைக் கூட்டும் ஸ்டிக்கர்" என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். உள்ளே உள்ள ஆன்டெனாவோடு சேராத தாள் எதையும் கூட்டாது. பளபளக்கும் உலோகத் தாள் என்றால், இருப்பதையும் குறைக்கும்!

ஒரு சீட்டு

2018 ஜனவரி 1 முதல் நாட்டில் விற்கும் புதுச் செல்போன்களில் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. பெண்கள் ஆபத்தில் சிக்கினால் இருக்கும் இடம் தெரியவேண்டும் என்பதே நோக்கம். ஆகையால் இது வழி காட்டும் விளையாட்டுச் சாமான் அல்ல. உயிர் காக்கும் சாமான்.

மாதம் ஒரு தடவை வாசலில் நின்று நீலப் புள்ளியைப் பாருங்கள். அது உங்கள் வாசலில் நிற்கிறதா?

அதோடு இன்னொரு காரியம். கதவு எண், தெருப் பெயர், பக்கத்தில் உள்ள கோவில் அல்லது பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

செல்போனுக்குக் காது கேட்காத நாளில், அந்தச் சீட்டு பேசும்!