விதைப்பை மென்னிழையக் கட்டிகளும் சத்திரசிகிச்சையும்

தலைவலியையும் காய்ச்சலையும் எவரிடத்தும் எளிதில் உரைப்போர், மறைவிடத்து நோயை வைத்தியரிடத்தும் உரைக்கக் கூசுவர். விதைப்பையில் தோன்றும் வீக்கம் அத்தகையது. அவ்வீக்கங்கள் பெரும்பாலும் நீர் கோத்தலாலோ குடலிறக்கத்தாலோ உண்டாவன. கொழுப்பு, தசை, நார் முதலிய மென்னிழையங்களினின்றும் எழுங் கட்டிகள் அங்கு அரியன. அவற்றுள்ளும் பல தீங்கற்றவை. சிலவே சார்க்கோமா எனப்படும் புற்றுநோய். வளர்ந்தோரிடத்துக் கொழுப்பிழையச் சார்க்கோமாவும், சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் வரித்தசைச் சார்க்கோமாவும் குறிப்பிடத்தக்கன. நீர்வீக்கத்தின் பின்னே விளக்கைப் பிடித்தால் ஒளி பெரும்பாலும் ஊடுருவும். திண்ணிய கட்டியில் ஊடுருவாது. ஒலியலைகளைக் கொண்டு எடுக்கும் படம் இவ்வேறுபாட்டை மேலுந் தெளிவாக்கும்.

கட்டி விதைப்பையில் இருக்க, அப்பையையே கீறி அதனை எடுத்தல் எளிதன்றோ எனின், அது தகாது. புற்றுநோய் என்னும் ஐயம் உள்ளவிடத்துச் சத்திரவைத்தியர் கவட்டுப் பகுதியையே கீறுவர். கருவில் விதையானது சிறுநீரகங்களின் அருகே தோன்றிப் பின்னர்க் கீழிறங்குகின்றது. இறங்குங்கால் தன் குருதிக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் உடன் கொணர்கின்றது. ஆதலின் அதன் நிணநீர், வயிற்றின் ஆழத்தே பெருநாடியை அடுத்துள்ள கணுக்களைச் சென்றடையும். பையின் தோலிலுள்ள நிணநீரோ கவட்டுக் கணுக்களைச் சேரும். பையைக் கீறின், புற்றுக் கலங்கள் ஆங்கே சிந்தவும் நோய் புதுவழியிற் பரவவும் இடமுண்டாகும்.

ஆகவே, கவட்டு வழியே விதையையும் கட்டியையும் விந்து நாணுடன் சிதையாது வெளிக்கொணர்ந்து, நாண் வயிற்றினுட் புகும் வாயிலிற் பிணித்து அறுப்பர். சார்க்கோமா அகற்றிய இடத்திலேயே மீண்டும் முளைக்கும் இயல்பினது. ஆதலின் சுற்றியுள்ள நல்லிழையத்தில் ஓரளவும் சேர்த்தே அகற்றப்படும். எடுத்த கட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்படும். விளிம்பிற் புற்றுக் கலங்கள் காணப்படின், மீண்டுஞ் சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ வேண்டப்படலாம். வரித்தசைச் சார்க்கோமாவுக்கு மருந்துச் சிகிச்சையுந் தொடரும். தீங்கற்றது எனத் துணியப்பட்டவிடத்து, விதையைக் காத்துக் கட்டியை மாத்திரம் அகற்றலும் உண்டு.

விதை இரண்டனுள் ஒன்றை இழந்தவன் ஆண்மை இழந்தவனாகான். மற்றது நலமாயிருப்பின் மகப்பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஆயினும் இவ்வச்சமும் நாணமுமே பலரைத் தடுக்கின்றன. இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் நோவு தாராமையால், நோவில்லை என்று வாளாவிருத்தல் பேதைமை. முதற் கீறல் உரிய இடத்தில் அமைதற்கு, கத்தியை எடுக்குமுன் வைத்தியர் கட்டியின் தன்மையை ஐயுறல் வேண்டும். அதற்கு நோயாளி காலத்தே வாய்திறத்தல் வேண்டும்.