மீன் கழிவிலிருந்து மீன் தீனி

வீட்டுக்குப் பின்னால் சிறு குளம் வெட்டிக் கெளுத்தியோ திலாப்பியாவோ வளர்ப்போர் தோட்டப்புறங்களில் உள்ளனர். இத்தொழிலில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போய்விடுகிறது. மூட்டைத் தீனியின் விலை ஏறும்போது, மீன் விற்ற பணம் முழுவதும் தீனிக் கடைக்கே சென்று சேர்வதும் உண்டு. ஆகவே, சந்தையில் மீன் வெட்டுவோர் கழித்துக் கொட்டும் தலை, குடல், செவுள் முதலியவற்றைத் தீனியாக்கலாமா எனப் பலரும் கேட்கின்றனர். ஆக்கலாம். ஆனால், அப்படியே அள்ளிக் குளத்தில் கொட்டலாகாது.

மீன் தின்னாமல் விட்ட கழிவு அடியில் தங்கி அழுகும். நீரிலுள்ள பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதுவே காரணமாக இருக்கலாம். கெளுத்தி காற்றை நேரே சுவாசிக்க வல்லது, சமாளித்துக்கொள்ளும். திலாப்பியா அவ்வளவு தாங்காது. ஒரே இரவில் குளம் முழுவதும் செத்து மிதக்கக்கூடும். மேலும், பச்சை மீன் சிலவற்றில் 'பி 1' என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். நோய்க் கிருமிகளும் மடியும்.

கழிவைக் கழுவிப் பொடியாக நறுக்கி நன்கு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே மரவள்ளி மாவைத் தூவிக் கிளறவேண்டும். மாவு பசைபோல் பற்றிக்கொள்ளும். பின்னர் அரிசித் தவிடு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தால், அது நீரில் விரைவில் கரையாது.

நாள்தோறும் அடுப்பு மூட்ட நேரமில்லாதோர்க்கு வேறொரு வழி உண்டு. அதற்குரிய பொருள் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்குப் புதியதன்று. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமே அது. நைய அரைத்த கழிவு 10 கிலோவுக்கு, 85 விழுக்காட்டுச் செறிவுள்ள அமிலம் 350 கிராம் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அன்றாடம் மரக்கோலால் கிளறிவர வேண்டும். தகரத் தொட்டியை அமிலம் அரித்துவிடும். அமிலம் அழுகலைத் தடுக்க, மீன் குடலிலேயே உள்ள செரிமானப் பொருள்கள் சதையைக் கரைக்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் சில நாள்களில் அது கஞ்சிபோல் ஆகிவிடும். குடல் சேராத வெறும் தலையும் முள்ளும் எளிதில் கரையமாட்டா. புளித்த வாடை வந்தால் நன்று. அழுகல் நாற்றம் வீசினால் அமிலம் போதவில்லை, அல்லது சரிவரக் கலக்கவில்லை என்று பொருள். அதனை மீனுக்குப் போடவே கூடாது. முறையாகச் செய்தது மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது எடுத்துத் தவிட்டுடன் பிசைந்து போடலாம்.

பால் கொட்டகையில் நீர் கலந்து வைத்திருக்கும் அமிலம் இதற்கு உதவாது. நீர் கலவாத அமிலமோ தோலைப் பொசுக்கும். அதன் ஆவி கண்ணைக் கரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளை அருகில் விடாமல் செய்தல் வேண்டும். தோட்டத்து அமிலத்தைக் கேளாமல் எடுத்து வருவது வேறு வம்பு. கடையில் வாங்குவதே முறை.

கணக்கையும் பார்க்கவேண்டும். நான்கு கிலோ கழிவைச் சுமந்து வந்தால் அதில் ஏறக்குறைய மூன்று கிலோ தண்ணீரே. சந்தை தொலைவிலிருந்தால், இனாமாகக் கிடைத்த கழிவைப் பெட்ரோல் செலவே தின்றுவிடும். அத்தகையோர்க்கு மூட்டைத் தீனியே மேல் என்பது நம் கருத்து.

எத்தீனியாயினும், கால் மணி நேரத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போடுக. விற்பதற்கு ஒரு நாள் முன்னரே தீனியை நிறுத்திவிட்டால், குடல் வெறுமையாகி, எடுத்துச் செல்லும் வழியில் மீன் எளிதில் சாகாது.