நிலநடுக்க வரிசையை அளக்கும் என்ட்ரோபி

2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 7.3 அளவில் நிலம் அதிர்ந்தது. இரண்டே நாளில், மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு, அதே பகுதியில் 9.0 அளவில் பெருநடுக்கம் வந்தது. அதுவும் தொடர்ந்து எழுந்த சுனாமியும் சேர்ந்ததில் இறந்தோரும் காணாமல் போனோரும் 18,000-க்கும் மேல். அதற்குப் பிறகுதான் முதலில் வந்ததை ‘முன்னதிர்வு’ என்று சொல்ல முடிந்தது. முன்னதிர்வுக்கென்று தனி முகம் கிடையாது. பின்னால் பெரியது வந்தால் அது முன்னதிர்வு. வராவிட்டால் மற்றுமொரு நடுக்கம். தனி நடுக்கம் ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியாததை, ஆயிரக்கணக்கான நடுக்கங்களின் வரிசை சொல்லுமா?

நிலநடுக்கங்களிடம் ஒழுங்கு உண்டு. அளவில் ஒன்று குறைந்தால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு கூடுகிறது. ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு உயர்கிறது. நிலநடுக்கவியலாளர்கள் குட்டன்பர்க்கும் ரிக்டரும் கண்ட இந்த எண்ணிக்கை விகிதம் இயற்பியலாளர்களுக்கு வேறொன்றை நினைவூட்டியது. இரும்பைச் சுமார் 770 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அது காந்தத்தன்மையை இழக்கிறது. அந்த எல்லையை நெருங்கும்போது ஓர் அணுவின் சிறு சலனம் வெகுதொலைவிலுள்ள அணுக்களையும் பாதிக்கிறது. இதற்குப் பெயர் மாறுநிலை; அங்கும் சிறியதும் பெரியதுமான சலனங்கள் இப்படியொரு விகிதத்தில் கலந்து வருகின்றன. புவியின் மேலோடும் இப்படி ஒரு நிலையை நெருங்குகிறது என்று பலர் கருதுகிறார்கள். அங்கே தொடங்கும் சிறு நழுவல் அங்கேயே அடங்கிவிடலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழித்துக்கொண்டும் போகலாம்.

நெருங்குவதை எப்படி அளப்பது? கிரேக்கத்தின் ஏதென்ஸைச் சேர்ந்த வரோட்சோஸ் குழுவினர் 2001-இல் ஒரு வழி சொன்னார்கள். நாள், மணிக்கணக்கை விட்டுவிட்டு, நடுக்கங்களின் வரிசை எண்ணையே காலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ‘இயற்கை நேரம்’ என்பது அதன் பெயர்.

பத்து நடுக்கங்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் இடம் 0.1, இரண்டாவதன் இடம் 0.2, கடைசி 1. ஒவ்வொன்றுக்கும் அது வெளியிட்ட ஆற்றலுக்கேற்ற எடை. இவற்றிலிருந்து ஓர் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையை அளக்கும் ஓர் எண், கணக்கிடப்படுகிறது. வழக்கமான என்ட்ரோபி, வரிசையைக் கலைத்துப் போட்டாலும் மாறாது. இதுவோ எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே அதே பத்தையும் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி அடுக்கி மீண்டும் கணக்கிடுகிறார்கள். எல்லா நடுக்கமும் சம ஆற்றல் கொண்டவை என்றால் இரு விடைகளும் ஒன்றாகவே இருக்கும். போகப் போக ஆற்றல் சீராக ஏறினால், முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்து வரும் வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வரிசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஒரே எண் காட்டிவிடுகிறது.

ஜப்பான் வானிலை முகமை 1984 முதல் பதிந்துவைத்த நடுக்கப் பட்டியலில் இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதே குழுவின் சார்லிஸ், ஸ்கோர்டாஸ், வரோட்சோஸ் மூவரும் 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெருநடுக்கத்துக்கு 79 நாள் முன்பு, 2010 டிசம்பர் 22 அன்று, அந்த எண் ஆழமாக இறங்கியிருந்தது. தெற்கே ஒகசவாரா தீவுக்கூட்டத்தின் சிச்சிஜிமா அருகே பெரிய நடுக்கம் வந்த நாள் அது. அந்த இடத்துக்கும் மார்ச் 11-இன் மையத்துக்கும் இடையே 1,000 கிலோமீட்டருக்கும் மேல்.

இது வியக்கத்தக்க முடிவு. ஆனால் நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்த்துக் கண்டது. அன்று வந்த பெரிய நடுக்கமே எண்ணைக் கீழே இழுத்திருக்க முடியாதா என்று எவரும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நிலநடுக்கக் கணிப்பின் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் நடுக்கம் வரும் என்று கணித்துக் கருவிகளோடு காத்திருந்தார்கள்; அது வந்தது 2004-இல்.

நாள் குறித்துக் கொடுக்கும் வேலையை என்ட்ரோபியிடம் எதிர்பார்ப்பது தவறு. நிலம் மாறுநிலையை நெருங்குகிறதா என்று சொன்னாலே அது பெரிய உதவி. மார்ச் 9 போன்ற ஒரு நாளில், வந்தது வெறும் நடுக்கமா, முன்னதிர்வா என்று எடைபோட அது கைகொடுக்கக்கூடும். அதற்கு எண்ணை அன்றன்றே கணக்கிட்டு, பெருநடுக்கம் வருமுன்பே எல்லோரும் பார்க்கப் பொதுவில் வெளியிட வேண்டும். பலித்தவற்றோடு பொய்த்தவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். இத்தனை உயிர்கள் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு இதைவிடக் குறைந்த நேர்மை போதாது.