ரெண்டு நெட் ஆன்ல இருந்தா லினக்ஸ் எதுல போகும்?

இன்னைக்கு எபிசோட், திண்டுக்கல் மாதிரி ஊர்ல வீட்ல இருந்தே வேலை பாக்குறவங்களுக்கு. மாதாந்திர பராமரிப்புன்னு பேப்பர்ல மின்தடை அறிவிப்பு வரும். காலையில போற கரண்ட் சாயங்காலம்தான் வரும். லேப்டாப் பேட்டரியில ஓடும், ஆனா ரவுட்டர் அணைஞ்சிடும். அதனால நம்மள்ல பல பேர் ஃபைபர் வைஃபையோட, போனையும் யுஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டு வைக்கிறோம்.

ரெண்டும் ஆன்ல இருந்தா ஸ்பீடு கூடுமா? கூடாது. லினக்ஸ் ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கும். எதைன்னு தெரிஞ்சுக்கலைன்னா, மொபைல் டேட்டா சத்தமில்லாம காலியாகும்.

குறைஞ்ச எண்ணுக்கே முதலிடம்

உபுண்டு, ஃபெடோரா டெஸ்க்டாப்ல இதைப் பாத்துக்கறது நெட்வொர்க்மேனேஜர். 2004-ல ரெட் ஹேட் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் இது மெட்ரிக்னு ஒரு எண் கொடுக்கும். எது குறைவோ, அதுலதான் டிராஃபிக் போகும். ஈத்தர்நெட் வயருக்கு 100, வைஃபைக்கு 600, டாங்கிள் மாதிரி மொபைல் பிராட்பேண்டுக்கு 700. டெர்மினல்ல 'ஐபி ரூட்'னு அடிங்க. 'டிஃபால்ட்'னு ஆரம்பிக்கிற வரிகள்ல இந்த எண் இருக்கும்.

சிக்கல் இங்கதான். யுஎஸ்பி-ல மாட்டின ஆண்ட்ராய்டு போனை லினக்ஸ் ஈத்தர்நெட் வயராத்தான் பாக்கும். அதனால போனுக்கு 100, ஃபைபர் வைஃபைக்கு 600. பேக்கப்புக்குன்னு மாட்டின போன் மெயின் லைன் ஆயிடும். ஒரு வீடியோ மீட்டிங், ஒரு சிஸ்டம் அப்டேட் போதும், அன்னைக்கான 1.5 ஜிபி முடிஞ்சிடும். கரண்ட் போற நேரத்துல பேக்கப்பே இருக்காது.

என்ன செய்யலாம்?

வீட்டு வைஃபையோட மெட்ரிக்கை 90 ஆக்குங்க. 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை', அடுத்து உங்க வைஃபை பேரு, அடுத்து 'ஐபிவி4 புள்ளி ரூட் ஹைஃபன் மெட்ரிக்', கடைசியா 90. இதையே ஐபிவி6-க்கும் அடிக்கணும். இல்லைன்னா பாதி டிராஃபிக் போன் வழியாவே போகும். அப்புறம் 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப்' போட்டு வைஃபை பேரைக் கொடுத்தா அமலுக்கு வந்திடும்.

போனோட எண்ணை ஏன் கூட்டக் கூடாது? பல போன்கள் டெதரிங் போடும்போது மேக் அட்ரஸை மாத்திடும். லினக்ஸ் அதைப் புது வயர்னு நினைச்சு மறுபடி 100 கொடுத்திடும். வைஃபைக்கு 50-க்கும் கீழ போகாதீங்க. விபிஎன்-க்கு டிஃபால்ட்டா 50, ஆபீஸ் விபிஎன் முன்னாடியே இருக்கட்டும்.

வைஃபை இருக்கு, நெட் இல்லை

கரண்ட் போனா வைஃபையே மறைஞ்சிடும், லினக்ஸ் உடனே போனுக்குத் தாவிடும். ஆனா ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்தா? ரவுட்டர் உயிரோட இருக்கும், சிக்னலும் முழுசா காட்டும், நெட் மட்டும் வராது.

இதுக்காக நெட்வொர்க்மேனேஜர் ஒரு சின்ன வலைப்பக்கத்தை அப்பப்ப கூப்பிட்டுப் பாக்கும். பதில் வரலைன்னா, அந்தக் கனெக்‌ஷனோட மெட்ரிக்ல 20000-ஐக் கூட்டிடும். 90 இப்ப 20090. போன் 100-லயே இருக்கறதால முன்னுக்கு வந்திடும். ஃபைபர் சரியானா மறுபடி வைஃபைக்கே திரும்பிடும். இந்தச் சோதனைக்கு டிஃபால்ட் இடைவெளி 300 விநாடி. அவசரம்னா 'என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் கனெக்டிவிட்டி செக்'னு அடிச்சா உடனே சோதிக்கும்.

ஒரு விஷயம் மட்டும் தவிர்க்க முடியாது. டிசிபி கனெக்‌ஷன் உங்க ஐபி அட்ரஸோட கட்டப்பட்டது. லைன் மாறினா அட்ரஸ் மாறும், ஓடிட்டிருக்கற டவுன்லோடும் எஸ்எஸ்ஹெச்சும் அறுந்திடும். இதுக்குத்தான் மல்டிபாத் டிசிபி இருக்கு. 2020-ல லினக்ஸ் 5.6 கெர்னல்லயே வந்திடுச்சு, ஆனா எதிர்ல இருக்கற சர்வரும் அதைப் புரிஞ்சுக்கணும்.

அதனால, இன்டர்வியூ அன்னைக்குச் சோதிக்காதீங்க. இன்னைக்கு ராத்திரியே போன்ல வைஃபையை அணைச்சு, மொபைல் டேட்டாவைப் போட்டு, யுஎஸ்பி-ல மாட்டுங்க. 'ஐபி ரூட்' பாருங்க. அப்புறம் ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டு மறுபடி பாருங்க. முதல் தடவை வைஃபையும் ரெண்டாவது தடவை போனும் மேல வந்தா, அடுத்த மின்தடைக்கு நீங்க ரெடி.