கையேட்டில் அயலார் பெயர்

கணிப்பொறி மென்பொருள் எதுவாயினும் அதைக் கையாளும் முறையை விளக்கக் கையேடு ஒன்று இருக்கும். அதில் வேறொருவர் தயாரித்த பொருளின் பெயரைச் சொல்லலாமா? சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடாதா?

ஆய்வுக்கூடத்தில் இது பழைய கேள்வி. ஒரு சோதனையை மற்றவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டுமானால், எந்த நிறுவனத்தின் எந்த மாதிரிக் கருவி என்று எழுதியே ஆகவேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தார் தம் ஆய்வறிக்கைகளில், 'சோதனை விளங்குவதற்காகவே பெயரைக் குறித்தோம். பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்' என்ற கருத்தில் ஒரு குறிப்புச் சேர்ப்பார்கள். நியாயமான ஏற்பாடுதான்.

மென்பொருளில் சிக்கல் கூடுதல். வாங்கிவந்த தராசு தராசாகவே இருக்கும். இணையத்திலிருந்து அவ்வப்போது அழைக்கப்படும் நிரலோ, பெயர் மாறாமலே ஆள் மாறிவிடக் கூடியது.

மேத்ஜாக்ஸ் என்னும் மென்பொருளைப் பாருங்கள். இணையப் பக்கங்களில் வர்க்கமூலம், தொகையீடு முதலிய கணிதக் குறிகளை அழகுற அமைத்துக் காட்டுவது அது. பழைய உலாவிகளிலும் அது இயங்குவதற்காக, பாலிஃபில்.ஐஓ என்ற தளத்தின் நிரலை அழைக்கும் வரி ஒன்றை அதன் கையேடு தந்திருந்தது. பழைய உலாவிக்குத் தெரியாத கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கும் நிரல் அது. நல்ல நோக்கமே!

2024 பிப்ரவரியில் அத்தளம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பாலிஃபில் சேவையை உருவாக்கிய ஆன்ட்ரு பெட்ஸ் என்பவரே, அதை உடனே நீக்கிவிடுமாறு எச்சரித்தார். ஜூன் மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. கைபேசியில் பக்கத்தைத் திறந்தவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடும் நிரல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. அதை அழைத்துக்கொண்டிருந்த தளங்கள் 1,00,000-க்கும் மேல்!

அதற்காகப் பெயரே சொல்லாமல் விட்டால், படிப்பவனை நடுத்தெருவில் விட்டதாகும். பைத்தான் மொழியின் கையேடு, இணையத் தகவல் பெறும் தன் சொந்தப் பகுதியை விளக்கும் இடத்திலேயே, வெளியார் எழுதிய 'ரிக்வெஸ்ட்ஸ்' தொகுப்பைப் பரிந்துரைக்கிறது. எவ்வளவு பெருந்தன்மை! குனு திட்டத்தாரின் விதி வேறு: எல்லோரும் திருத்தியமைக்க உரிமை தராத மென்பொருளைத் தம் கையேடுகள் பரிந்துரைக்கலாகாது என்பார்கள்.

என்னைக் கேட்டால், பெயரைச் சொல்லலாம். அது யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். புதிய உலாவி வைத்திருப்பவருக்கு அந்தப் பாலிஃபில் வரி தேவையே இல்லை.

நீங்கள் எப்போதாவது இணையப் பக்கம் அமைத்திருந்தால், அதன் நிரலில் அந்தத் தளத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அவ்வரியை அழித்துவிடுங்கள். இன்றைய உலாவிகளில் கணிதக் குறிகள் முன்போலவே தெரியும்.