பழைய கார் ஏ.சி.யில் பிரஷர் ஸ்விட்ச்சின் வேலை

காரின் ஏ.சி. கம்ப்ரசர் இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்திருந்தாலும், பெல்ட் ஓடும் நேரமெல்லாம் அது கேஸை அழுத்திக்கொண்டிருப்பதில்லை. அதன் முகப்பிலுள்ள மின்காந்தக் கிளட்சுக்கு மின்சாரம் கிடைக்கும்போதுதான் உள்தண்டு பெல்ட் சக்கரத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்குகிறது. 1940ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் அளித்த ஏ.சி.யில் இத்தகைய கிளட்ச் இல்லாததால், குளிர் தேவைப்படாத காலத்தில் பெல்ட்டையே கழற்றிவைக்க வேண்டியிருந்தது. கிளட்ச் வந்த பின்னரே, ஆபத்து நேரும் கணத்தில் கம்ப்ரசரை நிறுத்தும் பொறுப்பை ஒரு சிறிய ஸ்விட்ச்சிடம் விட முடிந்தது.

கிளட்சுக்குச் செல்லும் மின்பாதையில் இடம்பெறும் இந்த பிரஷர் ஸ்விட்ச்சுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உள்ளது. கேஸின் அழுத்தம் குறித்த அளவைக் கடந்தால் அது சட்டென வளைந்து மின்தொடர்பை இணைக்கவோ துண்டிக்கவோ செய்கிறது. கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரின் மீதோ அதையொட்டிய குழாயிலோ பொருத்தப்படும் இரட்டை ஸ்விட்ச், அழுத்தம் சுமார் 30 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு, கீழே இறங்கினாலும், மாடலைப் பொறுத்து 400 பி.எஸ்.ஐ.யை ஒட்டிய அளவுக்கு ஏறினாலும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றிவருவதால், கேஸ் தீர்ந்த நிலையில் ஓடும் கம்ப்ரசர் எண்ணெயின்றித் தேய்ந்து இறுகிப்போகும்; கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறி நின்றுபோனாலோ, தூசி அடைத்தாலோ, அளவுக்கு மேல் கேஸ் ஏற்றப்பட்டாலோ அழுத்தம் கட்டுமீறி உயர்ந்து குழாய்களையும் சீல்களையும் பதம்பார்க்கும். சில கார்களில் இதே ஸ்விட்ச் மூன்றாவது வேலையாக, அழுத்தம் இடைநிலை அளவை எட்டியதும் கண்டென்சர் விசிறியையும் இயக்குகிறது.

1980களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஸ்விட்ச் குறையழுத்தப் பக்கத்தில், கூலிங் காயிலை அடுத்த சேமிப்புக் கலத்தில் இருந்தது. அதன் வேலை பாதுகாப்போடு முடிவதில்லை. அக்காலத்தில் வழங்கிய ஆர்-12 கேஸ் 0 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது அதன் அழுத்தம் ஏறக்குறைய 30 பி.எஸ்.ஐ. என்பதால், அழுத்தத்தைக் கவனித்தாலே காயிலின் குளிரைக் கணித்துவிடலாம் என்பதே இதன் அடிப்படை. அழுத்தம் சுமார் 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியதும் கம்ப்ரசர் நிற்கும், 45 பி.எஸ்.ஐ.யை ஒட்டி ஏறியதும் மீண்டும் ஓடும். இதனால் காயிலில் படியும் நீர் உறைந்து காற்றோட்டத்தை அடைப்பதில்லை. கேஸ் குறைந்த காரிலோ அழுத்தம் விரைந்து சரிவதால், கிளட்ச் சில விநாடிகளுக்கொருமுறை ‘டிக்’ என விழுந்து விழுந்து எழும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ட்ரையரில் உள்ள குறையழுத்தக் காவலைத்தான்: அது கேஸின் அளவை அளப்பதே இல்லை. மூடிய அமைப்புக்குள் சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும்வரை, கம்ப்ரசர் ஓடாத நேரத்தில் உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 30 டிகிரி வெயிலில் நிற்கும் காரில், ஆர்-12க்குப் பின் வந்த ஆர்-134ஏ கேஸ் முழுமையாக இருந்தாலும் பாதி கசிந்திருந்தாலும் அழுத்தமானியான கேஜ் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ.யையே காட்டும். எனவே ஸ்விட்ச் இணைப்பில் இருக்கிறது என்பதற்காகக் கேஸ் போதுமானது என்று முடிவுகட்டுவது தவறு. மாறாக, அது துண்டித்திருந்தால் கேஸ் பெரும்பாலும் வெறுமையாகிவிட்டது என்றோ ஸ்விட்ச்சே பழுது என்றோதான் பொருள், இவ்விரண்டில் எது என்பதைக் கேஜ் சொல்லிவிடும்.

பட்டறைகளில் ‘டைரக்ட் போடுவது’ என்று சொல்லப்படும் முறை, அதாவது ஸ்விட்ச்சின் இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது, கேஜை மாட்டிப் பார்த்துக்கொண்டே சில விநாடிகள் செய்யும் சோதனையாக இருக்கும்வரை குற்றமில்லை. அதையே நிரந்தரமாக விட்டுவிடுவது, சில நூறு ரூபாய்ப் பொருளை மிச்சப்படுத்திப் பல ஆயிரம் ரூபாய்க் கம்ப்ரசரைப் பலிகொடுப்பதாகும். பழுதைக் காட்டிக்கொடுத்த ஸ்விட்ச்சையே பழுதென்று தண்டிப்பதும் அதுவே.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையை அடுத்து ஆர்-12 விலக்கப்பட்டு, பழைய கார்கள் ஆர்-134ஏக்கு மாற்றப்பட்டபோது இந்த ஸ்விட்ச்சுகளும் கவனம் பெற்றன. புதிய கேஸ் கடும் வெப்பத்தில் கூடுதல் அழுத்தம் காட்டுவதாலும், அழுத்தம் மிகுந்தால் கேஸை வெளியேற்றும் வால்வு திறந்து அது காற்றில் கலக்கக்கூடும் என்பதாலும், அத்தகைய வால்வு உள்ள கார்களை மாற்றும்போது உயரழுத்தத்தில் கம்ப்ரசரை நிறுத்தும் ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்தது.

பல மாடல்களில் ஸ்விட்ச்சுக்கு அடியில் டயர் டியூபில் உள்ளதுபோன்ற வால்வு ஊசி இருப்பதால், கேஸை இறக்காமலே ஸ்விட்ச்சைக் கழற்றி மாற்ற முடியும். எல்லா மாடல்களிலும் அது இல்லை. ஆகவே ஸ்பானரை வைக்குமுன் அந்தக் காரின் பழுதுநீக்கக் கையேட்டைப் பார்ப்பதும், ஊசி இல்லையென்றால் கேஸ் முழுவதையும் மீட்பு இயந்திரத்தில் சேகரித்த பின்னரே ஸ்விட்ச்சைத் தொடுவதும் அவசியம்.