எண்ணிக்கை சொல்லும் பொய்

கும்பகோணத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தில் ஒரு புதிர் இருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பாக அவருடைய தாயாருக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனை செய்ததில், தட்டணுக்கள் 28,000 தான் என்று இயந்திரம் அச்சடித்துக் கொடுத்துவிட, அம்மையார் திண்ணையில் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கையிலேயே வீட்டிலுள்ளோர் இரத்த தானம் செய்வாரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்களாம்; மறுநாள் வேறோர் இடத்தில் பார்த்தபோது அதே எண்ணிக்கை 2,10,000 என்று வந்ததாம். "இரண்டு பேரில் யார் பொய்யர்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்கிறார். இருவருமே பொய்யர் அல்லர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் இது நான் வெகுகாலமாக வியந்துவரும் ஒரு விசித்திரத்தின் வேலையாகவே இருக்க வேண்டும்.

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்ற மூவகையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 'பிளேட்லெட்' என்ற சொல்லையோ டெங்குக் காய்ச்சல் வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கவேண்டிய தட்டணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அகலமே உள்ளவையாதலால், அவற்றை எண்ணுவது முற்காலத்தில் கண்ணுக்கும் பொறுமைக்கும் பெருஞ்சோதனையாக இருந்தது. அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறை அதை நிமிஷ நேரத்துக் காரியமாக்கிற்று. மின்சாரம் பாயும் உப்புநீரில் ஒரு நுண்துவாரத்தின் வழியே அணுக்களைச் செலுத்தினால், ஒவ்வோர் அணுவும் கடக்கையில் மின்தடை ஒரு கணம் உயர்ந்து தாழும்; எத்தனை முறை உயர்ந்ததோ அத்தனை அணுக்கள்; எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு பருமன். எங்கள் ஊர்க் கீதாரி ஒருவர், பொழுது சாயும் வேளையில் பட்டியின் படலைச் சிறிதே விலக்கி, ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணுவார்; குட்டிகள் நாலைந்து நெருக்கியடித்துக்கொண்டு ஒரே உருவமாக நுழையாத வரையில் அவர் கணக்கில் பிசகே வராது.

கோல்ட்டரின் இயந்திரத்துக்கும் அதே பலவீனந்தான். சில மனிதர்களின் தட்டணுக்கள், உடம்புக்குள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்துவிட்டு, ஊதா மூடியிட்ட குழாய்க்குள் வந்ததும் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடுகின்றன. இரத்தம் உறையாதிருக்கும் பொருட்டு அக்குழாயில் இ.டி.டி.ஏ. என்னும் உப்பைச் சேர்த்திருப்பார்கள்; உறைவதற்கு இன்றியமையாத கால்சியத்தை அது கவர்ந்துகொள்ளும். கால்சியம் நீங்கியதும் தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள புரதம் ஒன்று உருமாறி, அதுகாறும் மறைந்திருந்த பாகத்தை வெளிக்காட்டுகிறது. அந்தப் பாகத்தைப் பற்றக்கூடிய எதிர்ப்பொருள் சிலருடைய இரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதால், தட்டணுவோடு தட்டணு பிணைந்துகொள்கிறது. இரத்தத்தின் சூடு ஆற ஆற, குழாய் மேசைமீது காத்திருக்கக் காத்திருக்க, கொத்துகளும் பெருகுகின்றன. பல தட்டணுக்கள் திரண்ட கொத்தை இயந்திரம் தட்டணுக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுகிறது. சில சமயம் அதை வெள்ளையணுவின் கணக்கில் சேர்த்தும் விடுகிறது. திரளுவது தட்டணுவின் பிறவிக் குணம். இரத்தக் குழாய்க்குள் தனித்து ஓடும் இத்துகள்கள் வெளியே எடுத்த இரத்தத்தில் கூட்டமாகிவிடுவதை வில்லியம் ஆஸ்லர் 1874இலேயே எழுதிவைத்தார். ஆயினும், உறைவதைத் தடுக்கச் சேர்த்த உப்பே தட்டணுக்களை ஒட்டவைப்பது என்பது விநோதத்திலும் விநோதமல்லவா?

ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவரிடம் காணப்படும் இது நோயன்று. இதனால் அவருக்கு யாதொரு தீங்கும் இல்லை. தீங்கெல்லாம் இதை நோயென்று நம்புகிறவர்களால் வருவதுதான். அவசியமில்லாத தட்டணு ஏற்றம், வீணே ஒத்திவைத்த சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை, ஏன், மண்ணீரலையே அகற்றிவிட்ட சம்பவங்களுங்கூட மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இந்த மாயத்தை வெளிப்படுத்துவது, புதிய இயந்திரம் எதுவுமன்று. நூறாண்டுக்கும் மேற்பட்ட கண்ணாடி ஸ்லைடுதான். தேர்ந்த டெக்னீஷியன் ஒருவர் ஸ்மியர் போடுவதைப் பார்ப்பதே ஓர் இன்பம். ஸ்லைடின் ஓரத்தில் ஒரு துளி இரத்தத்தை வைத்து, மற்றொரு ஸ்லைடைச் சாய்வாகப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துத் துளியைத் தொட்டதும், இரத்தம் அதன் விளிம்பு நெடுகப் பரவும். பரவிய அக்கணமே, தயங்காமலும் அழுத்தாமலும் ஒரே வீச்சில் முன்னே தள்ளினால், தொடக்கத்தில் தடித்தும் வரவர மெலிந்தும் நாவின் வடிவில் ஒரு படலம் கிடைக்கும். காய்ந்த படலத்தின்மேல் லீஷ்மன் சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிஷம் கழித்து அதைப்போல் இருமடங்கு பஃபர் நீர் சேர்த்து, இன்னும் ஏழெட்டு நிமிஷம் பொறுத்துக் கழுவி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும், வெள்ளையணுக்களின் கருக்கள் ஊதாவாகவும், இடையிடையே தட்டணுக்கள் ஊதாப் பொடியாகவும் தோன்றும். ஒரு பார்வைப் பரப்பில் சராசரி பத்துத் தட்டணு தென்பட்டால், ஒன்றுக்குப் பதினையாயிரம் வீதம் ஒன்றரை லட்சமென்று மதிப்பிடலாம். படலத்தின் வால்முனையில் ஊதாத் திரள்கள் ஒதுங்கிக் கிடந்தாலோ, 28,000 என்ற எண்ணின் குட்டு உடைந்துபோகும்.

இச்சாய முறைக்கு அடிகோலியவர் 1891இல் ருஷ்ய நாட்டு ரொமனோவ்ஸ்கி. லீஷ்மன் அதைச் செப்பம் செய்தது 1901இல். கல்கத்தாவை அடுத்த டம்டமிலிருந்து நோயோடு திரும்பி இறந்த போர்வீரன் ஒருவனின் மண்ணீரலில் தாம் கண்ட விசித்திர உருக்களை லீஷ்மன் 1903இல் வெளியிட, அதே ஆண்டில் நம் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அவற்றைத் தாமும் கண்டு உறுதிசெய்தார். காலா அசார் நோயின் கிருமிக்கு இருவர் பெயரும் நிலைத்தன. சிகாகோ மருத்துவர் ஹெரிக் 1910இல் விவரித்த அரிவாள் வடிவச் சிவப்பணுக்களின் குணம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் உண்டென்பதை லேமனும் கட்புஷும் 1952இல் அறிவித்தார்கள். இவையெல்லாம் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்த கண்கள் தந்த ஞானம்.

அந்தக் கண்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இயந்திரம் வாங்க லட்சக்கணக்கில் செலவழித்துத் திறப்பு விழாவும் நடத்துகிறவர்கள், அதன் அருகே நாள் முழுதும் கழுத்தை வளைத்து ஸ்லைடு பார்க்கும் பெண்ணுக்கு உயரம் திருத்தக்கூடிய நாற்காலி ஒன்று வாங்க யோசிக்கிறார்கள். ஊசி குத்திவிடும் அபாயத்தோடு நித்தமும் பழகுகிற அவர், ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொண்டாரா என்று கேட்பாரில்லை. ஊசி குத்திவிட்டால் கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சி அதை மறைக்கும்படி அவரை விடுவது பாவம். இராப்பணி முடித்துச் சோர்ந்த கண்ணுக்கு வால்முனைத் திரள் தப்பிப்போனால், பழி மாத்திரம் தப்பாமல் அவர்மேல் விழுகிறது. பரிசோதனைக்கூடத்தாரின் ஆரோக்கியத்தை அவர்களுடைய சொந்த விவகாரமென்று ஒதுக்கும் மருத்துவமனை, தன் நோயாளிகளின் ஆரோக்கியத்தையே பணயம் வைக்கிறது என்பேன்.

கும்பகோணத்து அன்பருக்கும், அவரைப்போல் அச்சடித்த எண்ணைக் கண்டு கலங்குவோர் அனைவருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். இரத்தக் கசிவோ, தோலில் செம்புள்ளியோ, வேறு நோய்க்குறியோ இல்லாதவருக்குத் தட்டணு திடீரென்று மிகக் குறைவாக வந்தால், "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று மரியாதையோடு கேளுங்கள், தேவையானால் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து உடனே எண்ணச் சொல்லுங்கள். டெங்குக் காய்ச்சலில் தட்டணு மெய்யாகவே குறையும். அங்கே அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், ஓயாத வாந்தி, வயிற்று வலி, இரத்தக் கசிவு, இரத்த அழுத்தத் தாழ்வு ஆகியவற்றை மருத்துவர் கவனிப்பதே உயிர் காக்கும். தாயாருக்கு இ.டி.டி.ஏ. குழாயில் தட்டணு திரளும் இயல்பு உண்டா என்பதை மருத்துவரைக் கொண்டு உறுதிசெய்து, உண்டென்றால் அவருடைய சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை எந்த ஊரில் இரத்தம் எடுத்தாலும் அதை முதலில் நீட்டுங்கள்.